ஒற்றை நாற்று எந்த வழியாக வந்தது? ஆய்வாளர் வலைப்பின்னல் ஒன்றை வரைந்த அனுபவம்

நான் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிந்தபோது, புதிதாக முளைக்கும் ஒரு அறிவியல் கருத்து எந்தெந்த ஆய்வாளர்கள் வழியாகப் பரவுகிறது என்று வரைந்து பார்ப்பதாக முடிவு செய்திருந்தேன். கட்டுரை எழுதியவர்களை எல்லாம் புள்ளிகளாக வைக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே கட்டுரையில் பெயர் போட்டிருந்தால் நடுவில் ஒரு கோடு இழுக்க வேண்டும். சொல்லும்போது வேலை இவ்வளவுதான். எந்தக் கருத்தை எடுப்பது என்பது மட்டும் பல மாதம் முடிவாகாமல் கிடந்தது.

மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் பெரியப்பா வீட்டில்தான் அது முடிவானது. மாட்டுக்கொட்டகைச் சுவரில் கோனோ வீடர் என்ற களைக்கருவி ஒன்று சாய்ந்திருந்தது. நீளமான கைப்பிடி, அடியில் கூம்பு மாதிரி இரண்டு இரும்பு உருளை, உருளை முழுக்கப் பல். ஒன்றில் துருவேறி இரண்டு பல் போயிருந்தது. உள்ளங்கை கொப்பளிக்காமல் இருக்கக் கைப்பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார்கள்.

"இது எப்ப வாங்குனது பெரியப்பா?"

"ஒத்தை நாத்து நட்டோம்ல, அப்ப. ஆபீஸ்ல குடுத்தாங்க. நாலு போகம் நட்டேன்ப்பா."

வேளாண்மைத் துறை அதைத் திருந்திய நெல் சாகுபடி என்றும் செம்மை நெல் சாகுபடி என்றும் எழுதியது. பதினான்கு நாள் இளம் நாற்று, குத்துக்கு ஒன்றே ஒன்று, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரம் சதுரமாக நடவு. தண்ணீரைக் கட்டி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட வேண்டும். களையைப் பிடுங்கி எறியாமல் வீடரை உருட்டி மண்ணோடு புரட்டிவிட வேண்டும். ஏக்கருக்கு இரண்டு, மூன்று கிலோ விதை போதும். வழக்கமான நடவுக்கு அதைப்போலப் பத்து மடங்கு வரை போகும்.

இந்த முறையை 1980களின் தொடக்கத்தில் மடகாஸ்கர் தீவில் கண்டெடுத்தவர் ஹென்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்மன் அப்ஹாஃப் 1990களில் அதைக் கவனித்து வெளியுலகுக்குச் சொல்லத் தொடங்கினார். 1999ல் சீனாவில் சோதித்தார்கள். 2000ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சோதனையைத் தொடங்கியது. 2002 ஏப்ரலில் சீனாவின் சான்யா நகரில் இதற்கென்றே ஒரு பன்னாட்டு மாநாடு நடந்தது. மடகாஸ்கரில் ஒரு பாதிரியாரின் வயலில் தொடங்கியது எங்கள் பெரியப்பாவின் கொட்டகைச் சுவர் வரை எத்தனை கை மாறி வந்திருக்கும்? கேள்வி கிடைத்துவிட்டது.

இந்த வேலைக்கும் டெல்டாவுக்கும் பழைய தொடர்பு உண்டு. சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து நூலகரானவர். நூலகத்தில் நடப்பதையெல்லாம் எண்ணி அளக்க முடியும் என்று 1948லேயே சொல்லி, அதற்கு லைப்ரமெட்ரி என்று பெயரும் வைத்தார். நான் செய்வது அந்தக் கிளையில் வந்த வேலைதான். அதேபோல, அமெரிக்கச் சமூகவியலாளர் டயானா கிரேன் 1972ல் ஆய்வாளர்களின் கண்ணுக்குத் தெரியாத கூட்டங்களை வரைந்து காட்டினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட இரண்டு துறைகளில் ஒன்று, விவசாயப் புதுமைகள் எப்படிப் பரவுகின்றன என்று ஆராய்ந்தவர்களின் துறை. அதைப் படித்தபோது, நான் தேர்ந்தெடுத்த பொருள் இந்த வேலைக்கு அந்நியம் இல்லை என்று தைரியம் வந்தது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

தரவுக்கு ஓப்பன்அலெக்ஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தை எடுத்துக்கொண்டேன். 2022 ஜனவரியில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கட்டணத் தரவுத்தளத்துக்குச் சந்தா கட்ட முடியாத சிறிய கல்லூரியில் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம். தேடலில் எஸ்ஆர்ஐ என்று இந்த முறையின் ஆங்கிலச் சுருக்கத்தைப் போட்டேன். வந்து கொட்டியதில் நிறைய இலங்கை பற்றியது. ஸ்ரீலங்காவுக்கும் ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்து அதேதானே! கூடவே மனச்சோர்வு மருந்துகள்; அதில் ஒரு வகைக்கும் இதே சுருக்கம். சுருக்கத்தை விட்டுவிட்டு முழுப் பெயரைப் போட்ட பிறகுதான் வயல் கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்பானிய மொழியில் இதற்கு வேறு சுருக்கம், பிரெஞ்சில் வேறு சொல் வரிசை. அவற்றையும் தனியாகத் தேட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்தத் தேடலாக இருந்தாலும் முதல் நூறு தலைப்புகளை நானே உட்கார்ந்து படித்த பிறகுதான் மொத்தத்தையும் இறக்குவேன்.

அடுத்தது பெயர்கள். என் மொத்த உழைப்பில் பாதிக்கு மேல் இங்கேதான் போனது. தமிழர்களின் ஆய்வு வலைப்பின்னலை வரையப் போகிறவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால், நம் பெயர் பின்னால். உலகத் தரவுத்தளங்கள் எல்லாம் குடும்பப் பெயர் ஒன்று இருக்கும் என்று நம்பிக் கட்டப்பட்டவை. எஸ். ஜெயலட்சுமி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம் (பெயரை மாற்றியிருக்கிறேன்). ஒரு கட்டுரையில் எஸ். ஜெயலட்சுமி. இன்னொன்றில் ஜெயலட்சுமி எஸ். வெளிநாட்டு இதழ் ஒன்று முழுப் பெயர் கேட்டது என்று அப்பா பெயரையும் சேர்த்து ஜெயலட்சுமி சுந்தரம் என்று கொடுத்திருக்கிறார். அதை இதழ் தன் வழக்கப்படி சுருக்கி ஜே. சுந்தரம் என்று அச்சடித்துவிட்டது. வயலில் நின்று குத்துக்குத் தூர் எண்ணியது மகள்; அட்டவணையில் ஏறியது அப்பா பெயர். இது போதாதென்று ஆங்கில எழுத்துக்கூட்டல். ஜெயலட்சுமியை இ போட்டும் எழுதலாம், ஏ போட்டும் எழுதலாம். லட்சுமியை எப்படி எழுதுவது என்பதில் இன்னும் நான்கு வகை.

பெண்களுக்கு இன்னொரு சங்கடம். கல்யாணம் ஆன பிறகு சிலருக்கு இனிஷியலே மாறிவிடுகிறது. இந்த ஜெயலட்சுமிக்கும் அப்படித்தான். தொடக்க காலக் கட்டுரைகள் அப்பாவின் இனிஷியலில். அதெல்லாம் களைக்கருவி பற்றியது, பொறியியல் ஆட்களோடு சேர்ந்து எழுதியது. பிற்காலக் கட்டுரைகள் கணவர் பெயரில். அதெல்லாம் பாசனம் பற்றியது, மண் நீர் ஆய்வாளர்களோடு எழுதியது. என் முதல் படத்தில் அவர் இரண்டு சின்னப் புள்ளிகளாக, படத்தின் இரண்டு ஓரத்தில் கிடந்தார். யாருக்கும் கண்ணில் படாது.

விஓஎஸ்வியூவர் என்று நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருளில்தான் வரைந்தேன். அதில் பெயர் இணைப்புக்கு ஒரு சின்னக் கோப்பு கொடுக்கலாம். இரண்டே பத்தி: இடப்பக்கம் வந்திருக்கும் பெயர், வலப்பக்கம் எந்தப் பெயராக மாற்ற வேண்டும் என்பது. அந்தக் கோப்பைக் கையாலேயே கட்டினேன். ஒரே நிறுவனமா, ஒரே சக ஆசிரியர்களா, ஒரே பொருளா என்று மூன்றையும் பார்ப்பேன். குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் இணைப்பேன். இல்லாவிட்டால் பிரிந்தே இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன். பிரிந்து கிடந்தால் ஒரு பாலம் கண்ணில் படாமல் போகும், அவ்வளவுதான். தவறாகச் சேர்த்தால் இல்லாத பாலம் ஒன்று முளைத்துவிடும். செந்தில்குமார் என்ற பெயரில் இரண்டு வேறு ஆட்களை நான் அவசரத்தில் சேர்த்துவிட்டேன். நெல் ஆய்வுக்கும் மீன் வளர்ப்புக்கும் நடுவில் பெரிய சாலை போட்டதுபோல் படம் வந்தது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது.

ஜெயலட்சுமியின் இரண்டு புள்ளிகளை ஒன்றாக்கி மறுபடி ஓட்டியபோது நடந்ததை மறக்க முடியாது. ஓரத்தில் இருந்த இரண்டு கூட்டமும் நகர்ந்து ஒன்றையொன்று நெருங்கின. நடுவில் அவர் மட்டும் நின்றார். ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போகும் குறுக்கு வழிகளில் எத்தனை ஒருவர் வழியாகப் போகின்றன என்று எண்ணும் ஒரு கணக்கு உண்டு. லிண்டன் ஃப்ரீமன் 1977ல் வகுத்தது. கருவிக்காரர்களுக்கும் தண்ணீர்க்காரர்களுக்கும் இடையில், என் தரவில், அந்தக் கணக்கில் அவருக்கு மேலே யாரும் இல்லை. கட்டுரை எண்ணிக்கையில் அவரைவிடப் பெரியவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் எல்லாம் தங்கள் கூட்டத்துக்குள்ளேயே எழுதியவர்கள்.

இளம் ஆய்வாளர்களிடம் இப்போது நான் முதலில் சொல்வது இதுதான். ஆங்கிலத்தில் உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று முதல் கட்டுரைக்கு முன்பே முடிவு செய்யுங்கள், அப்புறம் அதை மாற்றாதீர்கள். ஆர்சிட் என்ற 16 இலக்க அடையாள எண் 2012லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. வாங்கி, ஒவ்வொரு கட்டுரையிலும் போடுங்கள். எங்கள் கல்லூரியில் ஆய்வுக்குச் சேரும் மாணவிகளை நூலகத்தில் உட்கார வைத்து அதைப் பதிந்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

பெயர்களைச் சுத்தம் செய்து முடித்துப் பெரிய படத்தை ஓட்டிய அன்று, மனதுக்குள் ஒரு நிறைவு இருந்தது. அச்செடுத்து மேசையில் விரித்து, மடகாஸ்கர் பக்கம் விரலை வைத்து லொலானியேவைத் தேடினேன். இல்லை. மறுபடி தேடினேன். கண்டுபிடித்தவரே படத்தில் இல்லை.

காரணம் புரிய ஒரு மாலைப்பொழுது பிடித்தது. ஒரு ஆசிரியர் படத்தில் வர வேண்டுமானால் குறைந்தது எத்தனை கட்டுரை எழுதியிருக்க வேண்டும் என்று மென்பொருள் கேட்கும். நாம் மாற்றாவிட்டால் ஐந்து. லொலானியே இந்த முறையைப் பற்றி எழுதியதில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு கட்டுரை. 1993ல், பெல்ஜியத்திலிருந்து வரும் ட்ராபிகல்ச்சுரா இதழில், பிரெஞ்சில். இரண்டு வருடத்தில், 1995ல், அவர் இறந்துவிட்டார். சரி என்று அளவை ஒன்றாகக் குறைத்து மறுபடி ஓட்டினேன். அப்போதும் இல்லை. அந்தக் கட்டுரையை அவர் தனியாக எழுதியிருந்தார். சக ஆசிரியர் இல்லை என்றால் கோடு இல்லை. கோடு இல்லை என்றால் தனிப்புள்ளி. படம் வரைவதற்கு முன்னால் மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும்: சில புள்ளிகள் மற்றவற்றோடு இணையவில்லை, இணைந்திருக்கும் பெரிய தொகுதியை மட்டும் காட்டட்டுமா? குறை மென்பொருளில் இல்லை. அது நேர்மையாகக் கேட்டது. படிக்காமல் ஆம் என்று அழுத்தியது நான். அந்த ஒரு அழுத்தலில், தனியாக எழுதிய எல்லோரும் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து இரண்டு படம் போடுகிறேன். ஒன்று வழக்கமானது. இன்னொன்றில் விழுந்துபோன புள்ளிகள் மட்டும். அதைத்தான் அதிக நேரம் பார்க்கிறேன். ஒரு கருத்து முளைக்கும் காலத்தில் அதைக் கையில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள். கூட்டம் சேர்வது பின்னால். முளைப்பதைப் பார்க்க ஆசைப்பட்டுக்கொண்டு, முளையை வெட்டி எறியும் அளவை வைத்தால் என்ன தெரியும்?

காலம் பற்றியும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். என் தரவில் கதை 1990களில்தான் தொடங்குகிறது. ஆனால் தஞ்சைப் பகுதியில் ஒற்றை நாற்று நடவைப் பரப்ப சென்னை மாகாண வேளாண்மைத் துறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முயன்றிருக்கிறது. அந்தக் கால அறிக்கைகள் என் தரவுத்தளத்தில் ஏறவில்லை. படத்தைப் பார்க்கும் யாரும், குத்துக்கு ஒரு நாற்று என்பது டெல்டாவுக்கு வெளியிலிருந்து வந்த புதுச் செய்தி என்றே நினைப்பார்கள். அது சரியில்லை. இளம் நாற்று, சதுர நடவு, வீடர், தண்ணீர் எல்லாம் சேர்ந்த கட்டுதான் புதிது. ஆய்வேட்டில் இதை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.

கோடுகள் பற்றிச் சுருக்கமாக மூன்று விஷயம். முதலாவது, கோட்டின் கனம். மூன்று பேர் எழுதிய கட்டுரையில் மூன்று கோடு. இருபது பேர் எழுதிய கட்டுரையில் 190 கோடு. பல ஊர்களில் ஒரே நேரத்தில் நடக்கும் கூட்டுச் சோதனைகளின் கட்டுரை ஒன்று வந்தால் போதும், படத்தின் ஒரு மூலை முழுக்கக் கறுத்துவிடும். அவர்களில் பாதிப்பேர் ஒருவரையொருவர் நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள். மென்பொருளில் பங்கு பிரித்து எண்ணும் வழி இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, கட்டுரை வந்த ஆண்டு இருவரும் சந்தித்த ஆண்டு இல்லை. குறைந்தது இரண்டு போகம் சோதனை, அப்புறம் எழுத்து, அப்புறம் இதழின் மதிப்பீடு. படத்தில் 2005ல் தோன்றும் கோடு வயலில் 2002லேயே விழுந்திருக்கும்.

மூன்றாவது, திசை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் நின்று பார்த்தால் வெண்ணாறு மூன்றாகப் பிரிவது தெரியும். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. எது மேல், எது கீழ் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்ததாலோ என்னவோ, கோட்டைப் பார்த்ததும் இங்கிருந்து அங்கே போயிருக்கிறது என்று மனம் தானாக எடுத்துக்கொள்கிறது. சேர்ந்து எழுதியவர்களின் கோட்டில் திசையே கிடையாது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனதா, ஆடுதுறையிலிருந்து கோயம்புத்தூருக்குப் போனதா என்று அது சொல்லாது. யார் முதலில் எழுதினார், பின்னால் எழுதியவர் யாரை மேற்கோள் காட்டினார் என்று தனியாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மேற்கோளிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. இந்தச் சாகுபடி முறையைப் பற்றி உலக அளவில் பெரிய சண்டை நடந்தது. மடகாஸ்கரில் எக்டருக்கு 15 டன்னுக்கு மேல் விளைந்ததாக வந்த கணக்குகளை நம்ப முடியாது என்று 2004ல் ஃபீல்டு கிராப்ஸ் ரிசர்ச் இதழில் கடுமையான கட்டுரைகள் வந்தன. எதிர்த்தவர்கள் ஆதரித்தவர்களை நிறைய மேற்கோள் காட்டினார்கள், மறுப்பதற்காக. மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அந்த வருடங்களில் கருத்து அமோகமாகப் பரவியதுபோல் தெரியும். சேர்ந்து எழுதியவர்களின் படத்தைப் பார்த்தால் இரண்டு கூட்டம், நடுவில் அநேகமாக வெறும் வெளி. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் சண்டை தெரிந்தது.

நிறுவனவாரியாகச் சுருக்கியபோது இன்னும் பெரிய விபத்து. பெயர்ச் சிக்கலில் களைத்துப்போய், ஆளுக்கு ஒரு புள்ளி வேண்டாம், பல்கலைக்கழகத்துக்கு ஒரு புள்ளி போதும் என்று ஒருமுறை முயன்றேன். படம் அழகாக வந்தது. நடுவில் கார்னெல் பெரிதாக நின்றது. ஆனால் இந்த முறையை உலகெங்கும் எடுத்துச் சென்ற அப்ஹாஃப் கார்னெல்காரர். மடகாஸ்கர் சோதனைகளைத் தவிர மற்ற இடங்களில் நல்ல வழக்கமான சாகுபடியைவிட இது அதிகம் விளைவதில்லை என்று 2006ல் தொகுத்துக் காட்டிய மெக்டொனால்டு, ஹாப்ஸ், ரிஹா மூவரும் அதே கார்னெல்காரர்கள். எதிரும் புதிருமாக நின்றவர்களை ஒரே வட்டத்துக்குள் அடைத்துவிட்டேன். அதோடு அப்ஹாஃப் அரசியல் அறிவியல் பேராசிரியர். இலங்கையில் கல்லோயாப் பாசன விவசாயிகளோடு வேலை செய்து வந்தவர். உழவியல் துறைக்காரர்களை மட்டும் வடிகட்டி வரைந்திருந்தால் அவரும் விழுந்திருப்பார். வேறு துறையிலிருந்து ஒருவர் வந்து தூக்கிச் சென்றதால்தான் ஒரு தீவின் முறை பல நாடுகளுக்குப் போனது என்பது என் கணிப்பு. அந்தச் செய்தியே படத்தில் இல்லாமல் போயிருக்கும்.

இவ்வளவும் மேசையில் நடந்தது. படத்தைச் சுருட்டிக்கொண்டு ஜெயலட்சுமி மேடத்தைப் பார்க்கப் போனது, உண்மையில் பெயர் இணைப்பு சரியா என்று கேட்கத்தான். ஓய்வுபெற்று கும்பகோணத்தில் இருக்கிறார். திண்ணையில் பாய் விரித்து அதன்மேல் படத்தை விரித்தோம். காற்றில் சுருளாமல் இருக்க நான்கு மூலையிலும் நான்கு தம்ளர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நடுவுல இருக்கறது நானா தம்பி?"

"ஆமாம் மேடம்."

"என்னை யாரும் நடுவுல இருக்கேன்னு சொன்னதில்லை." கொஞ்ச நேரம் கழித்து, "சரி, 2012க்கு அப்புறம் ஏன் இப்படி மெலிஞ்சு போச்சு?" என்று கேட்டார்.

அவர் காட்டிய இடத்தில், எங்கள் பக்கத்துக் கூட்டத்தின் கோடுகள் வருடத்துக்கு வருடம் குறைந்திருந்தன. கருத்து வற்றிவிட்டது என்று நான் ஆய்வேட்டு வரைவில் எழுதி வைத்திருந்தேன். அதைச் சொன்னதும் மேடம் தலையை ஆட்டினார். "வத்தலை. பிரிஞ்சு போச்சு. மெஷின் நடவுக்குப் பாய் நாத்தங்கால் போடறாங்களே, அதுல எத்தனை நாள் நாத்து? பதினஞ்சு நாள். நம்ம இளம் நாத்துதான் அது. குழாய் வெச்சுத் தண்ணி மட்டம் பாத்துப் பாய்ச்சறாங்களே, அது நம்ம காய்ச்சலும் பாய்ச்சலும். எஸ்ஆர்ஐன்னு பேர் போட மாட்டாங்க, அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து அன்றிரவே தேடலை மாற்றினேன். முறையின் பெயரை விட்டுவிட்டு அதன் உறுப்புகளைத் தேடினேன்: இளம் நாற்று, சதுர நடவு, காய்ச்சல் பாய்ச்சல் பாசனம், களைக்கருவி, பாய் நாற்றங்கால். மெலிந்த இடத்துக்கு அப்பால் புதிய கோடுகள் வந்தன. பழைய கூட்டத்தில் இருந்தவர்களின் மாணவர்கள் இயந்திர நடவுக் கூட்டத்திலும், நீர் சேமிப்பு, மீத்தேன் அளவீட்டுக் கூட்டத்திலும் இருந்தார்கள். வரைவில் இருந்த அந்த வாக்கியத்தை அடித்தேன். புதிய அறிவு பரவுவதை அதன் பெயரை வைத்துத் தொடர்ந்தால், பெயர் செத்த நாளில் அறிவும் செத்ததாகக் கணக்கு வந்துவிடும்.

கருத்து பரவுவதைத் தொற்றுநோய் பரவுவதுபோலவே சமன்பாட்டில் கணக்கிடலாம் என்று கோஃப்மனும் நியூவிலும் 1964ல் எழுதினார்கள். அந்த வழி எனக்கும் பிடிக்கும், ஓரளவுக்குப் பயன்படுத்தியும் இருக்கிறேன். ஆனால் நோய்க்கு ஒரு தொடர்பு போதும். இங்கே ஒருவர் கேட்கிறார், சந்தேகப்படுகிறார், அரை ஏக்கரில் நட்டுப் பார்க்கிறார், பாதியை எடுத்துக்கொள்கிறார், மீதியை விட்டுவிடுகிறார். அந்தப் பாதியைத்தான் அடுத்தவருக்குக் கொடுக்கிறார்.

இதைப் பெரியப்பாவிடமும் கேட்டேன். ஏன் நாலு போகத்தோடு நிறுத்தினீர்கள் என்று. விளைச்சல் குறை இல்லையாம். "தண்ணி நம்ம கையில இருந்தாத்தானே காய வைக்கறதும் பாய்ச்சறதும்? முறை வெச்சு விடும்போது வந்தன்னிக்குக் கட்டிக்கணும். நாம கடைமடை." மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்தாலும் அவர் வயலுக்கு எப்போது வரும் என்பது வேறு கணக்கு. ஒரு கருத்து போகாமல் நின்றுபோன இடத்துக்கும் காரணம் இருக்கும், அந்தக் காரணம் எந்த இணையாசிரியர் படத்திலும் வராது.

"யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா, ஆபீசரா?"

"ஆபீசர் சொன்னாரு. நட்டுக் காட்டுனது ஆலங்குடிப் பக்கத்துல இருந்து வந்த நடவு ஆளுங்க. நம்ம ஊரு பொம்பளைங்க ஒத்தை நாத்தைப் பார்த்துட்டு, இது பொழைக்காதுன்னு கைய வெக்கலை. அவங்க அங்க ரெண்டு வருசம் நட்டவங்க. கயித்துல முடிச்சுப் போட்டுப் பிடிச்சு, விரலால மண்ணோட சேத்து வெச்சுட்டுப் போயிட்டே இருந்தாங்க. அதைப் பாத்துதான் நம்ம ஆளுங்க பழகுனது."

ஊர் ஊராகப் போன அந்த நடவுப் பெண்களின் வழியை வரைய என்னிடம் தரவு இல்லை. ஆனால் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் பற்றி ஒரு இடத்தில் எழுத்து இருக்கிறது என்று மேடம்தான் சொன்னார்: மாணவர்களின் ஆய்வேடுகளில் இருக்கும் நன்றியுரை. வேளாண் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் கிரிஷிகோஷ் தளத்தில் கிடைக்கின்றன. கட்டுரையில் இடம் கிடைக்காத பண்ணை மேலாளர், ஆய்வக உதவியாளர், வயல் கொடுத்த விவசாயி, நாற்று பறித்துக் கொடுத்தவர் எல்லோரும் அந்த ஒரு பக்கத்தில் பெயரோடு இருக்கிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, பெயர், ஊர், என்ன உதவி என்று பதிந்து வருகிறேன். இந்தக் கோடுகளைப் படத்தில் வேறு நிறத்தில், புள்ளிக்கோடாகப் போடுகிறேன். இணையாசிரியர் கோட்டோடு கலந்துவிடக் கூடாது.

இப்போது 2009 வரை முடித்திருக்கிறேன். மூன்று மாணவர்களின் நன்றியுரையில், மூன்று வேறு ஆங்கில எழுத்துக்கூட்டலில், ஒரே மாதிரி ஒலிக்கும் ஒரு பண்ணைத் தொழிலாளியின் பெயர் வருகிறது. நாற்றங்கால் போட்டுக் கொடுத்ததற்காக மூவரும் நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஆள்தானா என்று மேடத்துக்கு நேற்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். பழைய டைரியைப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.